முன்சக்கரத்தின் இடது பக்கம்

அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. பிரிக்கப்படாத உறை. உள்ளே உள்ளங்கை நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு.

கடையில் என் கூட்டாளி கெனா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"எக்ஸ்ட்ரா அனுப்பியிருப்பாங்க."

"அவங்க ஒரு வாஷர்கூட எக்ஸ்ட்ரா அனுப்பினதில்ல" என்றேன்.

அவன் உறையை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டான். கைகள் அழுக்காக இல்லை.

எங்கள் கடை அல்மாட்டியில், ஒரு பழைய குடியிருப்பின் அடித்தளத்தில் இருக்கிறது. ஏழு படி இறங்க வேண்டும். வருகிறவர்களின் கால்தான் ஜன்னலில் முதலில் தெரியும். ஆளுக்கு ஏற்றபடி சைக்கிளைப் பொருத்துவது என் வேலை. கால் நீளம், இடுப்பு, தோள், முட்டி மடங்கும் கோணம் எல்லாம் அளந்து சீட்டையும் ஹேண்டில்பாரையும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவேன். சாதாரண சைக்கிளை மோட்டார் வைத்து மின்சார சைக்கிளாக மாற்றுவது கெனாவின் வேலை. இந்த ஊரில் பெரும்பாலும் எங்கே போவதென்றாலும் ஒன்று மேலே போக வேண்டும், அல்லது கீழே. அதனால் அவனுக்குத்தான் கூட்டம்.

அந்தத் துண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் பிடி. மோட்டார் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும். அது சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது அதே பலத்தோடு தன் அச்சைப் பின்னால் திருகப் பார்க்கும். அச்சைத் திருக விடாமல் பிடித்துக்கொள்வது இதுதான். ஒரு முனை அச்சில் நுழையும், மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் முன் ஃபோர்க்கில் இறுகும். ஒரு மோட்டார் பெட்டியில் ஒரு பிடி. இதைப் போடாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் மோசம். அலுமினிய ஃபோர்க்கில் அச்சு உட்காரும் பிளவு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். நட்டு தளரும். ஒரு நாள் அச்சு சுழன்று, ஒயரை அறுத்து, சக்கரம் கழன்றுவிடும்.

"பிப்ரவரி, மார்ச்ல வந்த பெட்டியா?" என்று கெனா கேட்டான்.

உறையின் மேல் எண் இருந்தது. ஆமாம்.

பிப்ரவரியில் என் மனைவி கௌஹர் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. இருபத்தொன்பது வயது. ஏழாம் நாள் சாப்பாடு முடிந்த மறுநாள் கடைக்குப் போனேன். கெனா என்னை அளவெடுக்க விடவில்லை. அளவெடுப்பதென்றால் ஆட்களோடு பேச வேண்டும். "உள்ள உக்காந்து மோட்டார் மாட்டு, யார் மூஞ்சியையும் பாக்க வேணாம்" என்றான். மூன்று வாரத்தில் ஆறு சைக்கிள்களுக்கு மாட்டினேன். அந்த மூன்று வாரங்கள் எனக்கு நினைவில்லை. கை கழுவும் பசையின் ஆரஞ்சு வாசனை நினைவிருக்கிறது.

கெனா முடித்த ஒவ்வொரு சைக்கிளையும் நாலு பக்கமும் படம் எடுத்து வைப்பான். நான் முடித்த ஆறுக்கும் படம் இல்லை.

"நீ பாக்கலையா?" என்று கேட்டேன். "ஒண்ணைக்கூடவா?"

"எப்படிடா பாக்கறது? நீ மாட்டி நிறுத்தற. நான் ஸ்பேனரை எடுத்துட்டு வந்து உன் கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணவா? அந்த நேரத்துல?"

அவன் சொன்னது சரி. எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

ஆறு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். தயவுசெய்து சைக்கிளை ஓட்ட வேண்டாம். முன்சக்கரத்தின் இடது பக்கத்தை, அச்சுக்கு அருகில், படம் எடுத்து அனுப்பவும்.

நாலு பேர் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினார்கள். எல்லாரும் முதலில் என்னைத்தான் விசாரித்தார்கள். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அம்மா கூட இருக்கிறாரா. ஒரு வழக்கறிஞர் தன் கட்டைவிரலைப் படம் எடுத்து அனுப்பி, அதன் கீழே நீளமாக ஆறுதல் எழுதியிருந்தார். மறுபடி கேட்டு வாங்கினேன். பிடி இருந்தது. நாலிலும் இருந்தது. ஐந்தாவது ஆள் ரொட்டிக்கடைக்காரர். ஓட்ட வேண்டாம் என்றேன் அல்லவா, தள்ளிக்கொண்டே மூன்று தெரு நடந்து வந்துவிட்டார். கூடவே ஒரு பை ரொட்டி. பிடி இருந்தது.

ஆறாவது ரௌஷான் அக்கா. அவரிடமிருந்து பதில் இல்லை. போன் அணைந்திருந்தது.

ரௌஷான் அக்கா மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறார். நாற்பத்தாறு வயது. போன வருடம் முட்டி அறுவை முடிந்து என்னிடம் அளவெடுக்க வந்தார். இடது கால் ஒன்பது மில்லிமீட்டர் குட்டை. அதை யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. ஷூவின் அடியில் தட்டு வைத்துச் சரி செய்தேன். எனக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், அளவு மறக்காது. அவருடைய சைக்கிளின் ஃபோர்க் அலுமினியம். அதுவும் மறக்கவில்லை.

கெனா கடையைப் பூட்டினான். அவனுடைய பழைய வேனில் கிளம்பினோம். அக்காவின் வீட்டை அடைந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது.

கதவைத் திறந்ததும் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். பொரித்த மாவின் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் இறந்தவர்கள் பேரைச் சொல்லிச் சுடும் ரொட்டி, ஷெல்பெக்.

"வா தம்பி. நல்ல நேரத்துக்கு வந்த. இன்னைக்கு வெள்ளி இல்ல? ஏழு ஷெல்பெக் சுட்டேன். கௌஹர் பேரையும் சொல்லித்தான் சுட்டேன். கெனா, நீயும் உள்ள வா, செருப்பைக் கழட்டு."

"அக்கா, போன் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"சார்ஜ்ல போட்டிருக்கேன். உக்காரு, டீ ஊத்தறேன்."

"சைக்கிள் எங்க?"

"ஏன், என்ன விஷயம்?"

"அதுல ஏதாவது சத்தம் வருதா?"

அவர் கெண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் கெனாவைப் பார்த்தார்.

"டக்குன்னு ஒரு சத்தம். கிளம்பும்போது ஒரு டக்கு. பிரேக் பிடிச்சா ஒரு டக்கு."

"எப்போலருந்து?"

"மார்ச்லருந்தே."

"ஏன் சொல்லல அக்கா?"

"அப்போ நாற்பதாம் நாளே முடியலையே. சாவு நடந்த வீட்டுக்குப் போயி, தம்பி, சைக்கிள் டக்குங்குதுன்னு சொல்லவா? நல்லாவா இருக்கும்?"

"நாற்பது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"வருஷமும் திரும்பட்டுமேன்னு நினைச்சேன். நான் மெதுவாத்தானே ஓட்டறேன், இங்க சமதரையில."

"அக்கா," என்று கெனா வாசலிலிருந்தே சொன்னான். "வீடு தீப்பிடிச்சாலும், ஃபயர் எஞ்சின்காரன் வீட்ல யாராவது செத்திருக்காங்களான்னு விசாரிச்சுட்டுத்தான் கூப்பிடுவீங்களா?"

"நீ சும்மா இரு. துக்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. உனக்கென்ன தெரியும்?"

"சைக்கிள் எங்க அக்கா?" என்று மறுபடி கேட்டேன்.

"அக்போத்தா எடுத்துட்டுப் போயிருக்கா."

அக்போத்தா அவருடைய மகள். பத்தொன்பது வயது. பனிச்சறுக்குத் திடலுக்குக் கீழே, மலைக்கு ஏறும் மெடெயு சாலையில், ஒரு காபிக் கூண்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நாலு நாளாகிறது. ஏறும்போது வியர்ப்பதில்லை, இறங்கும்போது பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"எத்தனை மணிக்கு இறங்குவா?"

"ஆறுக்கு மூடுவாங்க. ஏன்? ஏன் தம்பி? முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க?"

சொன்னேன். ஒரு துண்டு போடவில்லை, சக்கரம் கழலும் என்று மட்டும். அவர் சார்ஜிலிருந்து போனைப் பிடுங்கி, ஆன் செய்து மகளை அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

"காதுல எப்பவும் பாட்டு" என்றார். "எப்பவும் பாட்டு."

வேனில் அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், ரிம்களுக்கும் டயர்களுக்கும் நடுவில். வீட்டுச் செருப்போடு வந்துவிட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, ஊரே மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றோம்.

"மெதுவாத்தானே வருவா?" என்று ரௌஷான் அக்கா திரும்பாமல் கேட்டார். "இறக்கத்துல மோட்டார் ஓடாதே. ஓடாதப்ப ஒண்ணும் ஆகாது, இல்ல?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டாலே அந்த மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பாட்டரி சார்ஜ் ஆவதற்கு. அப்போது அச்சு எதிர்த் திசையில் திருகும். ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறு பக்கம். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விடுவது போல. அவர் சமதரையில் இரண்டு மாதம் ஓட்டியதைவிட இந்த நாலு நாள் அதிகம்.

"ஏதாவது சொல்லு தம்பி."

"பிரேக் பிடிச்சாத்தான் ஆபத்து அக்கா."

"இறக்கத்துல பிரேக் பிடிக்காம எப்படி வருவா?"

கெனா ஹார்ன் அடித்து ஒரு பஸ்ஸை முந்தினான்.

கடைசிக் குடியிருப்புகளைத் தாண்டி, மலை இருபுறமும் நெருங்கும் இடத்தில் அவளைப் பார்த்தோம். எதிர்ப்பக்கம், கீழே வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் ஜாக்கெட். ஆறாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. சீக்கிரம் மூடிவிட்டார்கள் போல.

"அதோ! அதோ என் பொண்ணு!"

கெனா அங்கேயே வேனைத் திருப்பினான். யாரோ திட்டினார்கள். அவளுக்குப் பின்னால் அறுபது மீட்டரில் வந்துவிட்டோம். ரௌஷான் அக்கா கண்ணாடியை இறக்கி வாயைத் திறந்தார்.

"கத்தாதீங்க அக்கா" என்றேன். "கெனா, ஹார்ன் அடிக்காத."

"என் பொண்ணுடா அது!"

"பயந்தா பிரேக்கை இறுக்குவா. இறுக்கினா கழலும்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனோம். சீட் அவளுக்கு நாற்பது மில்லிமீட்டர் தாழ்வு. அம்மாவின் அளவு அது. முட்டிகள் வெளியே விரிந்தன. முன்சக்கரம் நேராக இல்லை. மிகக் கொஞ்சம், மேல்பக்கம் வலதுபுறம் சாய்ந்திருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வளைவுகளில் அவள் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அந்தச் சாய்வு அசைந்தது. நான் எண்ணினேன். நாலு முறை தொட்டாள்.

"முந்திப் போய்க் குறுக்க நிறுத்தறேன்" என்றான் கெனா.

"வேணாம். பாலம் தாண்டி ஒரு மேடு வருமே, அங்க போ. அங்க அவளே மெதுவாயிடுவா. நான் கூட ஓடிப் பிடிச்சுக்கறேன். ரொம்பத் தள்ளி முந்து."

எதிர்ப் பாதைக்கே போய் முந்தினான். கடக்கும்போது அக்போத்தா வேனைப் பார்த்து நடுவிரலைக் காட்டினாள். அம்மா உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கெனா கொஞ்சம் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மேட்டின் உச்சியில் ஓரமாக நிறுத்தினோம். ரௌஷான் அக்காவை வேனுக்குள்ளேயே இருக்கச் சொன்னேன். உங்களைப் பார்த்தால் சட்டென்று நிற்பாள், தெரியாமல் இருங்கள் என்றேன். சரி என்றார். நான் இருபது மீட்டர் கீழே நடந்து, மரத்தோரம் நின்றேன்.

வந்தாள். பாலத்தில் வேகம், மேட்டில் ஏற ஏறக் குறைந்தது. பெடலை மிதிக்க ஆரம்பித்தாள். நான் கூட ஓட ஆரம்பித்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை சீட்டைத் தொடும் தூரத்தில் இருந்தது.

அப்போது மேலே வேனின் கதவு திறந்தது. ரௌஷான் அக்கா செருப்புக் காலோடு சாலையின் நடுவுக்கு ஓடி வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

அக்போத்தா அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தாள்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே ஒரு டக்கு. சக்கரம் கழன்று ஒயரோடு முன்னால் உருண்டது. ஃபோர்க் தாரில் குத்தியது. அவள் ஹேண்டில்பாரைத் தாண்டி, இடது கையை ஊன்றி, முகவாயில் விழுந்தாள்.

வேகம் இல்லை. நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சற்று முன்பு, அந்த வளைவுகளில் கழன்றிருந்தால் என்று யோசித்தேன். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகவாயில் ரத்தமும் தாரும். இடது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. அம்மா அவளைத் தலை முதல் கால் வரை தடவிக்கொண்டிருந்தார். அவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

"இது எப்படிக் கழலும்? யார் மாட்டினது?"

"நான்" என்றேன்.

"ஒழுங்கா மாட்டலையா?"

"ஒரு துண்டு போடல."

"மறந்துட்டியா?"

"தெரியல."

"தெரியலயா? போட்டியா இல்லையான்னுகூடத் தெரியாதா உனக்கு? நாலு நாளா நான் இதுல இறங்கறேன். நேத்து லாரி பின்னால வந்துச்சு. தெரியலைங்கற!"

"அக்போத்தா, வாயை மூடு" என்றார் ரௌஷான் அக்கா. "அவங்க வீட்ல சாவு."

"அவங்க வீட்ல சாவுன்னா நம்ம வீட்லயும் ஒண்ணு வேணுமா?"

கெனா போய்ச் சக்கரத்தை எடுத்து வந்தான். அறுந்த ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். பிப்ரவரிக்குப் பிறகு என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. அம்மா, கெனா, பக்கத்து வீட்டார், வங்கியில் இருப்பவர்கள், யாரும்.

"உன் கேள்வி சரிதான்" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். வலியால்தான்.

எலும்புமுறிவுப் பிரிவில் வரிசை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் பதிவு செய்துகொண்டிருந்தார். அக்போத்தாவின் பெயர், வயது எழுதி, ஒரு பேனாவைக் கொடுத்து ரௌஷான் அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்.

"எப்படி அடிபட்டுது?"

"படியில விழுந்துட்டா" என்றார் ரௌஷான் அக்கா. "எங்க வீட்டுப் படியில."

"படியில விழுந்தா முகவாயில தார் எப்படிம்மா வரும்?"

"படின்னா, வாசல் படி. தெருவுலதான். தானா விழுந்தா, பாவம்."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சைக்கிள்ல வந்தா" என்றேன். "முன்சக்கரம் கழண்டுது. எங்க கடையில மாட்டினது. நான்தான் மாட்டினேன்."

"அப்படின்னா இது ரோட்டுல நடந்த விபத்து. நாங்க போலீஸுக்குச் சொல்லியாகணும். நீங்க எழுதிக் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

ரௌஷான் அக்கா என் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பைத்தியமா உனக்கு? யாரு கேட்டா உன்னை? நான் புகார் சொல்றேனா? அவ ஏதோ வலியில பேசினா. உனக்கு இருக்கறது போதாதா தம்பி? நான்தானே ரோட்டுல போய் நின்னேன். சத்தம் வந்ததை நான்தானே சொல்லாம விட்டேன்."

"அதனாலதான் அக்கா."

"எதனால?"

"சாவு வீடுன்னு எல்லாரும் சொல்லாம விட்டதால" என்றேன். கெனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"யோசிச்சுக்கோ" என்றான். "கடையை மூடச் சொல்லுவாங்க. ஒரு மாசமோ, மொத்தமாவோ. உன் கடை மட்டும் இல்ல அது."

"தெரியும். உனக்கு வேணாம்னா சொல்லு."

"எனக்கு வேணாம்தான்" என்றான். பிறகு, "நானும் பாக்கல, இல்ல? அதையும் எழுதணும்னா எழுது" என்று சொல்லிவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

கண்ணாடியின் இடுக்கு வழியாக அந்தப் பெண் ஒரு தாளையும் அதே பேனாவையும் தள்ளினார். உட்கார இடம் அக்போத்தாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உட்கார்ந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தாள்.

என் பெயரை எழுதினேன். கடையின் முகவரி எழுதினேன். எந்தத் துண்டு, எந்தப் பக்கம், எந்த வாரம் என்று எழுதினேன். கெனாவைப் பற்றி எழுதவில்லை. அடுத்த வரியில் காரணம் என்று அச்சிட்டிருந்தது. பிப்ரவரி என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு எழுத்து வந்ததும் அதை அடித்தேன். மாட்டியவர் சரிபார்க்கவில்லை என்று எழுதினேன். பாதியில் மை நின்றுவிட்டது. பேனாவை உதறினேன்.

"அந்தப் பேனா அப்படித்தான்" என்றாள் அக்போத்தா, சுவரைப் பார்த்தபடியே. "எங்கம்மாவுக்கும் எழுதல. அழுத்தி எழுதுங்க."

அழுத்தி எழுதினேன்.